தலையணை உறை, நாலு துண்டு

சுங்கை லிமாவ் தோட்டம், கிள்ளான்
12.3.1984

அன்புள்ள மேரிக்கு, பேசில் அத்தான் எழுதுவது. இங்கே நானும் என் பாய்லரும் சுகம். அங்கே நீயும் தம்பி வாலண்டைனும் சுகமாயிருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். பசியாறிட்டுப் படி. கடிதம் நீளம்.

முதல்ல ஒரு மானக்கேட்டைச் சொல்லிடுறேன். போன சனிக்கிழமை தோட்டத்துக் கமிட்டி கூட்டத்துல நான் தூங்கிட்டேன். திடீர்னு எல்லாரும் கை தட்டினாங்க. முழிச்சுப் பார்த்து நானும் பலமா தட்டினேன். என்கூட பாய்லர்ல நிக்கிற சின்னையா, "டேய், உன்னைத்தான் செயலாளரா போட்டிருக்காங்க. உனக்கு நீயே தட்டிக்கிறியே"ன்னான். வேணாம்னு சொல்ல எழுந்தா, மேனேஜர் துரை ஓடி வந்து கை குலுக்கிட்டார்.

வேலை என்னன்னா, தொழிலாளர் லயத்துல வரிசையா இருக்கிற அறுபது வீட்டுக்கும் ராத்திரி கரண்ட் எதை எரிச்சுக் குடுக்கிறது நல்லதுன்னு அறிக்கை எழுதணும். இப்போ நாங்க குடுக்கிறது செம்பனைக் கொட்டை ஓடும் நாரும். ஆலையில எண்ணெய் பிழிஞ்சு மிஞ்சுற குப்பை. அதை பாய்லர்ல எரிச்சு, ஏழு மணியிலிருந்து பதினொண்ணு வரைக்கும் விளக்கு. ரெண்டாவது வழி டீசல் இஞ்சின். மூணாவது, கிள்ளான் ரோட்டுலருந்து போஸ்ட் நட்டு மெயின் கரண்ட் இழுக்கிறது. எதுக்கு எவ்வளவு செலவு, எதுல எவ்வளவு புகை, எல்லாம் இங்கிலீஷ்ல டைப் அடிச்சுத் தரணுமாம். நான் மூணாம் வகுப்பு பெயிலாகி ஓடினவன். நீ ரயில்வே ஆபீசுல டைப் அடிக்கிறவ. மிச்சத்தை நீயே புரிஞ்சுக்கோ.

என் முடிவு இப்பவே சொல்றேன். ஓடுதான் ஜெயிக்கும். சும்மா கிடைக்குது லா!

இன்னொண்ணு. கிறிஸ்மஸுக்கு நீ வந்தப்போ ஒரு கேள்வி கேட்டேன். உன் அக்கா டொரத்தி கண்ணை மூடி ஆறு வருஷமாச்சு, நீயும் தனி, நானும் தனி, கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கேயே வந்துடுறியான்னு. தங்குறேன்னு பையோட வந்தவ, கண்ணைக் கசக்கிக்கிட்டு ஏழரை மணி பஸ்ஸைப் பிடிச்சு ஓடிட்ட. கோழிக்கறியில மிளகு கூடிப்போச்சுன்னு நானும் ஒத்துக்கிறேன். அதுக்காக ஒரு மனுஷனை மூணு மாசம் காயப் போடுறதா?

பதிலை மெதுவா சொல்லு. எனக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகுது.

உன் அத்தான்,
பேசில்


பிரிக்பீல்ட்ஸ்
21.3.1984

அன்பு அத்தானுக்கு மேரியின் வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை.

டைப் அடித்துத் தருகிறேன். ஆனால் செயலாளர் அவர்களே, உங்கள் கணக்கில் ஓட்டை இருக்கிறது. ஓடு சும்மா கிடைக்கிறது, சரி. அது தானாக நடந்து போய் பாய்லருக்குள் விழுகிறதா? ராத்திரி நாலு மணி நேரம் நீங்களும் சின்னையாவும் நின்று அள்ளிப் போடுகிறீர்களே, அதற்கு ஓவர்டைம் வாங்குவதில்லையா? இல்லை, துரைமேல் உள்ள பாசத்தில் செய்கிறீர்களா? அதையும் எழுதுங்கள்.

டீசல் ஒரு ராத்திரிக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள். புகைக்கும் ஏதாவது அளவு வேண்டும். "கொஞ்சம்", "ஜாஸ்தி" என்றெல்லாம் டைப் அடிக்க முடியாது.

மிளகு சரியாகத்தான் இருந்தது. மற்றதற்கு யோசிக்கிறேன் அத்தான். கோபப்படாதீர்கள்.

இப்படிக்கு,
சாந்தமேரி


சுங்கை லிமாவ்
2.4.1984

அன்புள்ள மேரி, சளிக்கு மிளகு ரசம் வை. நான் வைக்கிற மாதிரி இல்லை, நீ வைக்கிற மாதிரி.

ஓவர்டைம் விஷயத்துல மாட்டிக்கிட்டேன். நானும் சின்னையாவும் சேர்ந்து ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு வெள்ளி கூலி. உன்னை மாதிரி ஆள் ஆபீசுல இருக்கிறதுனாலதான் ரயில் லேட்டாகுது.

டீசல் இருபத்தஞ்சு லிட்டர் குடிக்குது, பதினஞ்சு வெள்ளி. மெயின் கரண்ட் அறுபது வீட்டுக்கும் பன்னிரண்டு, பதிமூணு வெள்ளி வரும்னு ஆபீசுல கணக்கு எழுதுற கிராணி சொல்றார். போஸ்ட் நடுற செலவு தனி. அதுல பாதி தோட்டம் போடணும். ஆக என் ஓடும் மெயினும் தோளோட தோள் நிக்குது. இது எனக்குப் பிடிக்கலை. ஆனாலும் எழுதிட்டேன்.

புகையை அளக்க ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். வெள்ளைத் தலையணை உறை ஒண்ணை நாலாக் கிழிச்சுட்டேன். ஒத்த ஆளுக்கு ரெண்டு தலையணை எதுக்கு? ஒரு துண்டை ஓடு எரியிற ராத்திரி கொடியில கட்டுவேன். அடுத்த வாரம் பாய்லரைச் சோதிக்க ஆபீசர் வர்றார், மூணு நாளைக்கு நெருப்பு கிடையாது, டீசல்தான் ஓடும். அப்போ ரெண்டாவது துண்டு. எதையும் எரிக்காதப்போ ஒண்ணு. கடைசித் துண்டு பெட்டிக்குள்ள சும்மா இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. எப்படி மூளை?

பேசில்


பிரிக்பீல்ட்ஸ்
13.4.1984

அன்பு அத்தானுக்கு, சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது. டொரத்தி அக்கா இருந்திருந்தால் உறையைக் கிழித்ததற்கு உங்களைக் கிழித்திருப்பாள்.

இரண்டு கேள்வி. மெயின் கரண்டும் எதையோ எரித்துத்தானே வருகிறது? அந்தப் புகை எங்கே விழுகிறது? மலையில் தண்ணீரை அணை கட்டி எடுப்பதும் உண்டு, அதில் புகையே இல்லை என்று படித்தேன். ஆனால் ஒரு பள்ளத்தாக்கே தண்ணீருக்குள் போய்விடுமாம். சும்மா கிடைப்பது எதுவுமே இல்லை போலிருக்கிறது.

அடுத்தது, உங்கள் ராத்திரிப் புகை எந்தப் பக்கம் போகும்? உங்கள் வீட்டுப் பக்கமா? வருஷம் முழுக்க அப்படித்தானா?

அறிக்கைக்காகத்தான் கேட்கிறேன்.

மேரி


சுங்கை லிமாவ்
30.4.1984

அன்புள்ள மேரி, உயிர்த்த ஞாயிறு வாழ்த்து, ஒரு வாரம் லேட்டு.

புகை கேள்விக்குப் பதில். பகல்ல காத்து அடிக்கும், புகை குளத்துப் பக்கம் போயிடும். பொழுது சாஞ்சா காத்து செத்துடும். அப்போ புகை அப்படியே இறங்கி லயத்து மேல உட்காரும். என் வீடுதான் முதல் வீடு. அதுக்கு எங்க வீட்டு மேல தனிப் பாசம். வருஷம் முழுக்கத்தான். நார் ஈரமா இருந்தா இன்னும் ஜாஸ்தி. எனக்குப் பழகிப்போச்சு, புகை இல்லாட்டி தூக்கம் வராது.

மெயின் கரண்ட் எங்கருந்து வருதுன்னு லோரிக்காரர் கார்த்திகேசுவைக் கேட்டேன். ஆத்தோரம் ஒரு ஸ்டேஷன் இருக்காம். முன்னே நிலக்கரி எரிச்சாங்களாம், இப்போ எண்ணெய். நாட்டுல எங்க எது எரிஞ்சாலும் எல்லாம் ஒரே கம்பியில வந்து கலந்துடுமாம்.

இத்தோட துணி நாலும் வச்சிருக்கேன். மூலையில நம்பர் போட்டிருக்கேன். ஒண்ணு ஓடு. கறுப்பா இருக்கேன்னு பயந்துடாதே, உதறினா பாதி போயிடும். ரெண்டு டீசல், பழுப்பா, நாத்தமா இருக்கும். மூணு, இஞ்சினும் பழுதாகி எதுவுமே எரியாத ராத்திரி. அன்னைக்கு லயமே இருட்டு, எல்லாரும் என்னைத்தான் திட்டினாங்க. நாலு, பெட்டித் துணி.

கறுப்பு கூடத்தான். ஆனா நம்ம தோட்டத்துக் கறுப்பு. அறிக்கையில "ஓடே சிறந்தது"ன்னு முடிச்சுடு. ஓவர்டைம் இருந்தா ஒரு குடும்பத்துக்கு வசதியா இருக்கும்லா. எந்தக் குடும்பம்னு கேக்காதே.

பேசில்


சுங்கை லிமாவ்
28.5.1984

அன்புள்ள மேரி, நாலு வாரமா உன்கிட்டருந்து ஒரு வரி இல்லை. சுகமா? தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கிட்டு ஓடுறார்.

குடும்பம்னு எழுதினது தப்பா? இல்லே அழுக்குத் துணியை அனுப்பிட்டேன்னு கோபமா? அழுக்குன்னா சொல்லு, துவைச்சு அனுப்புறேன். துரை அறிக்கை எங்கேன்னு கேக்கிறார். அது கெடக்கட்டும். சுகம்னு ஒரு சொல் போதும். டைப் அடிச்சாவது அனுப்பு.

பேசில்


பிரிக்பீல்ட்ஸ்
4.6.1984

மதிப்பிற்குரிய அத்தானுக்கு வாலண்டைன் எழுதுவது. உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதவும்.

இதை நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. எழுதவே கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. உங்கள் கடிதத்தால் வந்ததில்லை. அது வருவதற்கு முன்பே நெஞ்சு அடைக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், மூச்சுக்குப் பம்பு அடித்துக்கொள்கிறாள், நடக்கிறாள், என்னைத் திட்டுகிறாள். பயமில்லை.

ஆனால் கிறிஸ்மஸுக்கு அவள் உங்கள் வீட்டிலிருந்து ஓடி வந்தது கறியால் இல்லை அத்தான். பாய்லர் மூட்டியதும் மூச்சுவிட முடியவில்லை. பஸ்ஸில் கிள்ளான் வருவதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டதாம். உங்களிடம் சொல்லச் சொன்னேன். "அந்த மனுஷன் அந்த பாய்லரைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். உங்க பிள்ளை என்னைக் கொல்லுதுன்னு எப்படிடா சொல்றது?" என்றாள்.

நீங்கள் அனுப்பிய துணியில் மற்ற மூன்றையும் ஒரு டின்னுக்குள் போட்டு மூடிவிட்டேன். மூன்றாம் நம்பரை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறாள். கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

உங்கள் மச்சான்,
வாலண்டைன்


சுங்கை லிமாவ்
10.6.1984

அன்புள்ள மேரி, உன் சுகத்துக்காக இன்னிக்குப் பூசையில வேண்டிக்கிட்டேன். சும்மாதான், தோணுச்சு.

டைப் அடிக்கிறதை நிறுத்து. அறிக்கையில திருத்தம் இருக்கு. ஓடு வேணாம். மெயின் கரண்டுன்னு முடி. காரணம் எழுதிக்கோ. ஒண்ணு, எங்க லயத்துல துணி வெள்ளையா காயிறதே இல்லை. ரெண்டு, நாலாவது வீட்டு புஷ்பவல்லியோட கைக்குழந்தை ராத்திரியெல்லாம் இருமுது. இது எனக்கு ரொம்ப நாளாத் தெரியும், காதுல போட்டுக்கலை. மூணு, ராத்திரி நின்னு நின்னு எனக்கு முட்டி வலிக்குது. ஓவர்டைம் போனா போகட்டும்.

வேற காரணம் ஒண்ணுமில்லை.

பேசில்


பிரிக்பீல்ட்ஸ்
24.6.1984

அன்பு அத்தானுக்கு, நான் நிஜமாகவே சுகம். இந்த முறை நம்பலாம்.

உங்களுக்கு முட்டி வலியா? போன வருஷம் மாதா திருநாளில் தேர் தூக்கியவர், திரும்பி வந்து இன்னொரு முறை தூக்கட்டுமா என்று கேட்டவர். வாலண்டைன் எழுதிவிட்டான். தெரியும். உங்கள் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை. அதிலேயே பிடித்துவிட்டேன்.

நானே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் இப்படித்தான் செய்வீர்கள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. எனக்காக அறிக்கையைத் திருப்பாதீர்கள். சின்னையாவுக்கு நாலு பிள்ளைகள். ஓவர்டைம் அவருக்கும்தானே போகும்? ஓடு செலவு குறைவு என்பது பொய்யாகிவிடுமா? மெயின் கரண்டுக்குப் புகையே இல்லை என்று எழுதினால் நான் டைப் அடிக்க மாட்டேன். அந்தப் புகை வேறு யாருடைய கொடியிலோ விழுகிறது. அதையும் பார்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிய பிறகும் மெயின் கரண்டுதான் என்று உங்களுக்குத் தோன்றினால், அப்போது சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு வர ஆசை இருக்கிறது அத்தான். வந்தால் ராத்திரி மூச்சுவிட முடியாது. இதுதான் விஷயம். எழுதிவிட்டேன், நெஞ்சு லேசாகிவிட்டது.

மேரி


சுங்கை லிமாவ்
27.8.1984

அன்புள்ள மேரி, சுகமா? பம்பு கையோட இருக்கா? அது இல்லாம மார்க்கெட் பக்கம் போகாதே.

லேட்டானதுக்குக் காரணம், நீ சொன்ன கொடியைத் தேடிப் போனேன். பழைய வேட்டியில ஒரு துண்டு கிழிச்சுக்கிட்டு, ரெண்டு பஸ் மாறி ஆத்தோர கரண்ட் ஸ்டேஷன் பக்கம் இறங்கினேன். மலாய்க்காரங்க குடியிருக்கிற கம்பத்துல ஒரு அம்மா துணி காயப் போட்டுக்கிட்டிருந்தாங்க. "மாக்சிக், உங்க கொடியில ஒரு துண்டு கட்டிக்கட்டுமா?"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. மாத்துச் சட்டை இல்லாதவன்னு நினைச்சிருப்பாங்க போல, உள்ளே போய் ஒரு பழைய சட்டையைக் கொண்டாந்து நீட்டினாங்க. விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சு, காப்பி குடுத்து, கட்டிக்கச் சொன்னாங்க. மறுநாள் போய் எடுத்தேன். நம்ம ஒண்ணாம் நம்பர் அளவுக்குக் கறுப்பு இல்லை. சிம்னி உசரம், புகை பரந்து போயிடுது. ஆனா வெள்ளையும் இல்லை. சில நாள் துணியை வீட்டுக்குள்ளதான் காயப் போடுவோம்னாங்க. அறிக்கைக்குன்னு போன மாசம் கார்டுல நாலு வரி போட்டது இதைத்தான், முழுக்கதை இப்போ. நாம கரண்ட் இழுத்தா அவங்க கொடியில ஒரு நூலளவு அழுக்கு கூடும். நம்ம லயத்துல அறுபது கொடி வெளுக்கும். ரெண்டையும் எழுதின பிறகும் எனக்கு மெயின்தான்னு தோணுச்சு.

துணியை உனக்கு அனுப்பலை. பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி ஆபீசுல குடுத்துட்டேன்.

நீ அனுப்பின அறிக்கையைக் கூட்டத்துல கிராணி படிச்சார். இந்தத் தடவை நான் தூங்கலை. சின்னையா எழுந்து, "எங்க வயித்துல அடிக்கிறதுக்கு நீயே மை ஊத்திக் குடுத்திருக்கே"ன்னான். இருபது வருஷமா ஒண்ணா நின்ன ஆளு. நானும் எழுந்தேன். "நான் பாய்லர்காரன். ஓடுதான் செலவு குறைச்சல், போஸ்ட் செலவையும் சேர்த்தா சந்தேகமே இல்லை. ஆனா இந்தப் புகையில என் வீட்டுக்கு வர வேண்டிய ஒருத்தி வர முடியலை. புஷ்பவல்லி பிள்ளைக்கும் முடியலை. அது கணக்குல வரலை, அதான் எழுந்து சொல்றேன்"ன்னு உட்கார்ந்துட்டேன். புஷ்பவல்லி மட்டும் கை தட்டினா. அப்புறம் ஒவ்வொருத்தரா தட்டினாங்க. நான் தட்டலை, கவனிச்சுக்கோ.

துரை சரின்னுட்டார். பகல்ல ஆலைக்கு எரிச்சது போக மிஞ்சுற கொட்டை ஓட்டைத் தோட்டத்து ரோட்டுல கொட்டப் போறாராம். போஸ்ட் நட்டு முடிக்க அடுத்த வருஷம் ஆகும். என் ஞாயித்துக்கிழமை வேலையை சின்னையாவுக்கு விட்டுக் குடுத்துட்டேன். ரெண்டு வாரம் பேசலை. முந்தாநாள் பாய்லர்கிட்ட வந்து, "ஞாயித்துக்கிழமையில அப்படி எங்கேடா போகப் போறே, பிரிக்பீல்ட்ஸா?"ன்னான். பழைய சின்னையா திரும்பிட்டான்.

பேசில்


பிரிக்பீல்ட்ஸ்
9.9.1984

அன்பு அத்தானுக்கு, சுகம். மூச்சு சீராக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வாலண்டைன் நான்கு முறை படித்தான், வெட்கமில்லாதவன்.

சாமியாரைப் பார்த்தோம். அடுத்த வருஷம் தபசுகாலம் முடிந்து, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்களாம். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். ஒரு தடை இருந்தது, அதற்குப் போஸ்ட் நடுகிறார்கள் என்று வாலண்டைன் எழுந்து சொல்லப் போகிறானாம். அவனைப் பின் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும்.

பகல் புகைக்குக் கதவைச் சாத்திக்கொள்வேன், பம்பும் இருக்கிறது. ராத்திரிதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீங்கள் கிழித்த உறைக்குப் பதிலாக ஒன்று தைத்து வைத்திருக்கிறேன். வெள்ளைதான். ஒத்த ஆளுக்கு ரெண்டு தலையணை எதுக்கு என்று எழுதியிருந்தீர்களே. அந்த இன்னொரு தலையணையை வெயிலில் போட்டு வையுங்கள்.

உங்கள்,
மேரி


சுங்கை லிமாவ்
5.5.1985

அன்புள்ள மச்சான் வாலண்டைனுக்கு, அத்தான் எழுதுவது. கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் உன் வீட்டுல சாப்பிட்டதுல எனக்கு ரெண்டு கிலோ ஏறிடுச்சு. நீ சுகமா? உன் அக்கா சுகம். நேத்து ராத்திரி இங்கே அவளுக்கு முதல் ராத்திரி. ஜன்னலைத் திறந்து வச்சே தூங்கினா. நான் முழிச்சிருந்து அவ மூச்சைக் கேட்டுக்கிட்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. சத்தமே இல்லையேன்னு பயந்து ஒரு தடவை எழுப்பிப் பார்த்துட்டேன். திட்டினா. அப்புறம் நானும் தூங்கிட்டேன்.

மெயின் கரண்ட் நேத்துதான் வந்தது. விவரம் எழுதுறேன்.

லயத்துக்கு நடுவுல மேசை போட்டு, மாலை போட்டு, ஏழு மணிக்கு துரை சுவிட்சைப் போட்டார். அறுபது வீட்டுலயும் விளக்கு எரிஞ்சது. அப்புறம் பேச ஆரம்பிச்சார். அடுத்து செயலாளர் நாலு வார்த்தை பேசணும்னு கிராணி சொன்னதால, என் சட்டையைத் தேய்ச்சுத் தர மேரி உள்ளே போனா. நீ கல்யாணத்துக்குக் குடுத்த இஸ்திரிப் பெட்டியை மாட்டினா. அது சூடாகிறதுக்குள்ள ஒரு காப்பி போடலாமேன்னு, அவ ஆபீசுல குடுத்த கரண்ட் கெண்டியை அதே பிளக்குல நான் மாட்டினேன்.

ஏழு அஞ்சுக்கு எங்க வரிசை பன்னிரண்டு வீடும் அணைஞ்சது. துரை அப்போ, இனிமே இந்தத் தோட்டத்துல இருட்டுங்கிற பேச்சுக்கே இடமில்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தார்.

சின்னையா டார்ச் எடுத்துக்கிட்டு வீடு வீடாப் பார்த்தான். எங்க வீட்டுலயும் பார்த்தான். ஒண்ணும் கிடைக்கலை. எதனால நடந்ததுன்னு செயலாளர் எழுதிக் குடுக்கணும்னு துரை உத்தரவு. மேரி டைப் அடிச்சுத் தரேன்னு சொல்லியிருக்கா. இஸ்திரிப் பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கு. கெண்டி கோழிக் கூண்டுல இருக்கு.

இப்படிக்கு,
பேசில்